ராப்பும் ஹிப்-ஹாப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராப், ஹிப்-ஹாப் இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. தாளத்துக்குள் வார்த்தைகளை அடுக்கிப் பேசுவது ராப். 1970களில் நியூயார்க்கின் ப்ராங்க்ஸ் பகுதி இளைஞர்கள் உருவாக்கிய ஒரு முழுப் பண்பாடு ஹிப்-ஹாப். ராப் அதன் ஒரு பகுதி. அவசரத்தில் இருப்பவர்கள் இத்தோடு கிளம்பலாம். இரண்டும் ஒன்றுபோல ஏன் தெரிகிறது, எப்போதிலிருந்து அப்படித் தெரிகிறது என்று கேட்டால்தான் விஷயம் சுவையாகிறது. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஹிப்-ஹாப் புரியவேண்டுமானால் மைக் பிடித்தவரின் வாயை விட்டுவிட்டு, இசைத்தட்டின் மேல் இருக்கும் கையைக் கவனிக்கவேண்டும்.

ஹிப்-ஹாப்புக்கு நான்கு கூறுகள் என்கிறார்களே, அவை எவை?

டிஜே, எம்சி, பிரேக்கிங், கிராஃபிட்டி. இசைத்தட்டுகளை வாத்தியம்போலக் கையாள்பவர் டிஜே. மைக்கில் பேசுபவர் எம்சி. நாம் ராப்பர் என்று சொல்வது இவரைத்தான். தரையில் சுழன்று ஆடும் ஆட்டம் பிரேக்கிங். சுவரிலும் ரயில் பெட்டியிலும் ஸ்ப்ரே பெயின்ட்டால் பெயர் எழுதுவது கிராஃபிட்டி. ஐந்தாவதாக ‘அறிவு’ என்பதையும் சிலர் சேர்ப்பார்கள். இந்தக் கணக்கைப் பரப்பியதில் ப்ராங்க்ஸ் டிஜே ஆஃப்ரிக்கா பம்பாட்டாவின் ஜூலு நேஷன் அமைப்புக்குப் பெரிய பங்கு உண்டு.

முதலில் வந்தது எது?

டிஜே. இதில் பெரிய சர்ச்சை கிடையாது.

1973 ஆகஸ்ட் 11. ப்ராங்க்ஸில் 1520 செட்விக் அவென்யூ என்ற அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளப் பொது அறை. பள்ளி திறக்கும் நேரம். புதுத் துணி வாங்கப் பணம் வேண்டும் என்று சிண்டி கேம்ப்பெல் என்ற பெண் கட்டணம் வைத்து ஒரு பார்ட்டி நடத்தினார். பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட். பாட்டுப் போட்டவர் அவருடைய அண்ணன் கிளைவ், ஊர் அறிந்த பெயரில் டிஜே கூல் ஹெர்க். ஜமைக்காவின் கிங்ஸ்டனில் பிறந்து 1967இல் நியூயார்க் வந்தவர். பெரிய பெரிய ஸ்பீக்கர்களைத் தெருவில் அடுக்கி ஊரையே ஆடவைக்கும் ஜமைக்கா வழக்கத்தைச் சின்ன வயதில் பார்த்து வளர்ந்தவர்.

கூட்டத்தைக் கவனித்ததுதான் ஹெர்க்கின் பெரிய காரியம். ஃபங்க் பாட்டுகளின் நடுவே பாட்டும் மற்ற வாத்தியங்களும் நின்று டிரம்ஸ் மட்டும் ஒலிக்கும் சில விநாடிகள் வரும். அதற்குப் பெயர் பிரேக். ஆடுகிறவர்கள் அந்தச் சில விநாடிகளுக்காகவே காத்திருப்பதை அவர் பார்த்தார். சரி, அதையே நீட்டினால் என்ன? ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை இரண்டு டர்ன்டேபிளில் (இசைத்தட்டைச் சுழற்றும் கருவி) வைத்தார். முதல் தட்டில் பிரேக் முடிகிற இடத்தில் இரண்டாவதில் பிரேக் தொடங்கும். அது முடிவதற்குள் முதல் தட்டைப் பின்னால் இழுத்துத் தயாராக வைப்பார். பத்து விநாடி டிரம்ஸ் ஐந்து நிமிடம் ஓடியது. பிரேக்குக்கு ஆடியவர்கள் பி-பாய், பி-கேர்ள் ஆனார்கள்.

தொழில் ரகசியமும் அப்போதே தொடங்கிவிட்டது. போட்டி டிஜேக்கள் எட்டிப் பார்த்து, எந்தத் தட்டு என்று தெரிந்துகொள்ளக் கூடாதென்று, இசைத்தட்டின் லேபிளைத் தண்ணீரில் ஊறவைத்து உரித்துவிடுவார் ஹெர்க்.

ஹெர்க் ஒருவர்தான் எல்லாவற்றையும் செய்தாரா?

யோசனை அவருடையது, துல்லியம் இன்னொருவருடையது. ஹெர்க் தட்டில் ஊசியைக் கண்ணளவில் வைப்பார், தாளம் அங்கங்கே தட்டும். பார்படோஸில் பிறந்து ப்ராங்க்ஸில் வளர்ந்த கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷுக்கு அது பொறுக்கவில்லை. தொழிற்கல்விப் பள்ளியில் எலெக்ட்ரானிக்ஸ் படித்த பையன். இசைத்தட்டின் மேலேயே கிரேயானால் கோடு போட்டு, பிரேக் எங்கே தொடங்குகிறது, எத்தனை சுற்றுப் பின்னால் இழுத்தால் அதே இடத்துக்கு வரும் என்று கணக்கு வைத்துக்கொண்டார். டர்ன்டேபிளோடு வரும் ரப்பர் விரிப்பு இசைத்தட்டைப் பிடித்துக்கொள்ளும். அதை எடுத்துவிட்டு, ஃபெல்ட் துணியை வட்டமாக வெட்டி, கஞ்சி போட்டு விறைக்கவைத்து அடியில் விரித்தார். கீழே டர்ன்டேபிளின் சுழலும் பகுதி சுற்றிக்கொண்டே இருக்கும், மேலே கையில் பிடித்த இசைத்தட்டு நிற்கும். கையை எடுத்தால் அதே நொடியில் ஓடும். தாளம் ஒரு மயிரிழைகூடத் தவறாமல் தட்டுக்குத் தட்டு தாவியது.

1970களின் நடுவில் இன்னொரு சிறுவன், கிராண்ட் விசர்ட் தியோடர், வீட்டில் தட்டு ஓட்டிக்கொண்டிருந்தபோது அம்மா கதவைத் தட்டிச் சத்தத்தைக் குறைக்கச் சொன்னாராம். தட்டைக் கையால் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தபடியே திட்டு வாங்கியிருக்கிறான். அந்தச் சத்தம் பிடித்துப்போய்விட்டது. அதுதான் ஸ்க்ராட்ச்.

அப்போது ராப்பர் எங்கே இருந்தார்?

டிஜேவின் பக்கத்தில், எடுபிடி மாதிரி. ஹெர்க்கின் கூட்டாளி கோக் லா ராக் மைக்கில் நண்பர்களின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார், ஆடச் சொல்லி உசுப்புவார், நடுநடுவே எதுகையாக ஒரு வரி வீசுவார். அவ்வளவுதான். கூட்டம் ஆடாமல் டிஜேவின் கைவேலையை வாய்பிளந்து பார்க்கத் தொடங்கியதும், அவர்களை மறுபடி ஆடவைக்க ஒரு குரல் தேவைப்பட்டது என்று ஃபிளாஷ் பலமுறை சொல்லியிருக்கிறார். அப்படிச் சேர்ந்தவர்கள் வளர்ந்து ஃப்யூரியஸ் ஃபைவ் ஆனார்கள்: ஐந்து பேர், வரிகளைப் பங்குபோட்டு, ஒருவர் விட்ட இடத்தில் அடுத்தவர் பிடித்து. ராப் இங்கேதான் ஒரு தனிக்கலையாகத் திரண்டது.

அப்படியானால் ராப்பும் ப்ராங்க்ஸில்தான் பிறந்ததா?

அந்த வடிவம் அங்கே பிறந்தது. வேர் அதற்கும் முந்தியது. தாளத்தின் மேல் பேசுவது கறுப்பின அமெரிக்கர்களிடம் ரொம்ப நாளாக இருந்தது: தேவாலயப் பிரசங்கம், ரேடியோ அறிவிப்பாளர்களின் எதுகைப் பேச்சு, ஒருவரை ஒருவர் நக்கலடித்துப் போட்டி போடும் தெருவிளையாட்டு. 1968இல் நியூயார்க்கின் ஹார்லெமில் உருவான லாஸ்ட் போயட்ஸ் குழு கொங்கா பறையோடு அரசியல் கவிதை சொன்னது. கில் ஸ்காட்-ஹெரான் 1970களின் தொடக்கத்திலேயே அதை இசைத்தட்டில் கொண்டுவந்தார். ஜமைக்காவில் டிஜே தட்டு ஓடும்போதே மேலே பேசுவதற்கு டோஸ்டிங் என்று பெயர்.

ஆகவே ராப்புக்கு ஹிப்-ஹாப்பைவிட வயது அதிகம் என்று வாதாடலாம். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். இவர்கள் யாரும் தங்களை ராப்பர் என்று சொல்லிக்கொண்டு மேடையேறவில்லை.

பிறகு இரண்டும் ஒன்று என்ற எண்ணம் எப்போது வந்தது?

1979 செப்டம்பரில். அந்த மாதம் ‘ராப்பர்ஸ் டிலைட்’ வெளியானது.

அதுவரை ஆறு வருடமாக ஹிப்-ஹாப் இருந்தது. கடையில் வாங்க எதுவும் இல்லை. பூங்காவிலும் பள்ளி மைதானத்திலும் பார்ட்டியிலும் நடந்தது, கேசட்டில் பதிந்து கைமாறியது. இதை இசைத்தட்டாக்கலாம் என்று கண்டவர் சில்வியா ராபின்சன், நியூ ஜெர்சியின் எங்கிள்வுட்டில் ஷுகர் ஹில் ரெக்கார்ட்ஸ் நடத்தியவர். (முதல் பார்ட்டியை நடத்தியதும் பெண், முதல் பெரிய வெற்றியைத் தயாரித்ததும் பெண். ஹிப்-ஹாப் வரலாறு எழுதும் பல ஆண்கள் இதை ஒரு வரியில் தாண்டிவிடுவார்கள்.) அவர் ப்ராங்க்ஸின் எந்தப் புகழ்பெற்ற குழுவையும் எடுக்கவில்லை. மூன்று பேரைப் பிடித்து ஷுகர்ஹில் கேங் என்று பெயர் வைத்தார். அவர்களில் பிக் பேங்க் ஹேங்க் பீட்சா கடையில் வேலை பார்த்தவர். ப்ராங்க்ஸின் பெயர்பெற்ற எம்சியான கிராண்ட்மாஸ்டர் கேஸின் வரிகளை இரவல் வாங்கி அப்படியே சொன்னார்; கேஸ் தன் பழைய பட்டப்பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லும் இடத்தைக்கூட மாற்றவில்லை. அடியில் ஓடியது ஷீக் குழுவின் ‘குட் டைம்ஸ்’ பாட்டின் தாளம். அதையும் டிஜே தட்டிலிருந்து எடுக்கவில்லை. ஸ்டூடியோ இசைக்கலைஞர்கள் புதிதாக வாசித்தார்கள்.

பதினான்கரை நிமிடப் பாட்டு. அமெரிக்காவின் முதல் நாற்பது பாட்டுகளுக்குள் நுழைந்தது. அதில் டிஜே இல்லை, ஆட்டம் இல்லை, சுவர் இல்லை. குரல் மட்டும் இருந்தது. உலகம் ஹிப்-ஹாப்பைச் சந்தித்தது இப்படித்தான்.

தெருக்கூத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மத்தளம், அடவு, ஒப்பனை, விடியவிடிய உட்கார்ந்திருக்கும் ஊர் எல்லாம் சேர்ந்தது கூத்து. பாட்டை மட்டும் பதிந்து கேசட் போட்டு விற்றால், கேசட் வாங்கியவர் கூத்து என்றால் பாட்டு என்றே நினைப்பார். இசைத்தட்டு சத்தத்தை மட்டுமே சுமக்கும். அதனால் விற்பனைக்குத் தோதான ஒரு பகுதி முன்னால் வந்தது, மற்ற மூன்றும் பின்னால் போயின.

டிஜே எப்போது பின்னுக்குப் போனார்? ஓர் உதாரணம்?

ஃபிளாஷின் இரண்டு தட்டுகளை அடுத்தடுத்து கேட்டால் போதும். 1981இல் ‘தி அட்வென்ச்சர்ஸ் ஆஃப் கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் ஆன் தி வீல்ஸ் ஆஃப் ஸ்டீல்’: ஏழு நிமிடம், முழுக்க டர்ன்டேபிள், அவர் கை. 1982இல் ‘தி மெசேஜ்’: அட்டையில் ‘கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் அண்ட் தி ஃப்யூரியஸ் ஃபைவ்’ என்று போட்டிருக்கும், பாட்டில் ஃபிளாஷின் ஸ்க்ராட்ச் ஒன்றுகூட இல்லை. எழுதிப் பாடியது மெல்லி மெல், டியூக் பூட்டி இருவரும். பார்ட்டிப் பாட்டாக இருந்த ராப்பை உடைந்த கண்ணாடியும் எலியும் கடன்காரனுமாக இருந்த குடியிருப்பைப் பேசவைத்தது அந்தப் பாட்டு. அமெரிக்க காங்கிரஸ் நூலகம் பாதுகாக்கவேண்டிய ஒலிப்பதிவுகளின் முதல் பட்டியலை 2002ஆம் ஆண்டுக்காகத் தயாரித்தபோது இதற்கு அதில் இடம் கிடைத்தது.

ராப்புக்கு அது மகத்தான நாள்தான். டிஜேவுக்கு அட்டையில் பெயர் மட்டும் மிஞ்சியது.

ராப்பே இல்லாத ஹிப்-ஹாப் உண்டா?

தாராளமாக. ஜாஸ் மேதை ஹெர்பி ஹேன்காக்கின் ‘ராக்கிட்’ (1983) பாட்டில் ராப் வரி கிடையாது. கிராண்ட்மிக்சர் டிஎஸ்டியின் ஸ்க்ராட்ச்தான் கதாநாயகன். உலகம் முழுவதும் நிறைய பையன்கள் டர்ன்டேபிள் பக்கம் திரும்பியது அதைக் கேட்டுத்தான். 1996இல் டிஜே ஷேடோ ‘எண்ட்ரொடியூசிங்’ என்ற ஆல்பத்தை ஏறக்குறைய முழுவதும் பழைய இசைத்தட்டுகளின் துணுக்குகளிலிருந்தே கட்டினார். டெட்ராய்ட்டின் ஜே டில்லா ‘டோனட்ஸ்’ ஆல்பத்தை 2006 பிப்ரவரி 7 அன்று, தன் 32ஆவது பிறந்தநாளில் வெளியிட்டார். மூன்று நாள் கழித்து இறந்தார். பெரும்பாலும் ஒன்று, ஒன்றரை நிமிடத் துண்டுகள், ராப்பர் யாரும் இல்லை. இதை ஹிப்-ஹாப் இல்லையென்று சொல்ல எந்த ராப்பரும் துணியமாட்டார். துணுக்குகளைப் பதிந்து வெட்டிச் சேர்க்க டில்லா பயன்படுத்திய எம்பிசி இயந்திரம் இன்று வாஷிங்டனின் ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஹிப்-ஹாப் இல்லாத ராப்?

அதுவும் உண்டு. அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்த பாட்டுகளில் முதன்முதலாக ராப் வந்தது 1981இல், ப்ளாண்டி என்ற ராக் குழுவின் ‘ராப்ச்சர்’ பாட்டில். ராப் கலந்த ராக், ராப் கலந்த பாப், சோப்பு விளம்பரத்தில் ராப், தேர்தல் பிரச்சாரத்தில் ராப் எல்லாம் இப்போது சாதாரணம். ராப் ஓர் உத்தி. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

வேகமாகப் பேசினால் ராப்பா?

நம் ஊரில் அதிகம் புழங்கும் தப்பெண்ணம் இது. ஸ்னூப் டாக் சோபாவில் சாய்ந்து பேசுவதுபோலப் பேசுவார், அவர் ராப்பர்தான். எண்ணிக்கையில் அடங்காத வார்த்தையை மூச்சுவிடாமல் கொட்டுகிறவர் தாளத்தில் உட்காரவில்லையென்றால் அது நாக்குப் பயிற்சி.

சரி, ராப்பைக் காதால் எப்படிப் பிடிப்பது?

தலையாட்டிப் பாருங்கள். பெரும்பாலான ராப் பாட்டு நாலு அடித் தாளத்தில் ஓடும். ஒன்றாம் அடியில் கிக் என்ற கனத்த சத்தம், இரண்டிலும் நாலிலும் ஸ்னேர் என்ற சடக்கென்ற சத்தம். நாலு அடி சேர்ந்தால் ஒரு பார். ஒரு பாரில் கிட்டத்தட்ட ஒரு வரி. பதினாறு பார் சேர்ந்தால் ஒரு வெர்ஸ், நடுவே திரும்பத் திரும்ப வரும் ஹூக். மெட்டு இல்லாத குறையை வரிகளின் ஒலிப்பொருத்தமும் அவை தாளத்தில் விழும் இடமும் நிரப்பவேண்டும். இதைத்தான் ஃப்ளோ என்கிறார்கள்.

கையால் தட்டிக்கொண்டே இந்த இரண்டு வரியைச் சொல்லிப் பாருங்கள், கோட்டுக்குக் கோடு ஓர் அடி:

காலங்காத்தால | தெருக்குழாய் | கையில பாரு | காலிக் குடம்
தண்ணி வந்து | நாளு ஆச்சு | சுவரு பூரா | தலைவர் படம்

‘குடம்’, ‘படம்’ இரண்டும் நாலாவது அடியில், ஸ்னேர் விழும் அதே இடத்தில் வந்து உட்காருகின்றன. நம் யாப்பில் இது இயைபு. முதல் வரியில் கா, கை, கா என்று மோனை ஓடுகிறது. இரண்டாம் வரியின் முதல் அடி ‘தண்ணி’யிலும் கடைசி அடி ‘தலைவ’ரிலும் தொடங்குகின்றன. ஆங்கில ராப் பெரும்பாலும் வரியின் வால் ஒலியை நம்பியிருக்கும். தமிழ்க் காது வரியின் தலையிலும் ஒன்றை எதிர்பார்க்கும், பாட்டாலும் பழமொழியாலும் பழகிய காது அது. தமிழில் ராப் எழுதத் தொடங்குகிறவர்கள் வாலை மட்டும் பார்த்து எழுதினால் வரி மொட்டையாக நிற்பது இதனால்தான்.

வால் மட்டும் போதாது என்று ஆங்கிலத்திலும் ஒருவர் காட்டினார். 1987இல் ‘பெய்ட் இன் ஃபுல்’ ஆல்பத்தில் ரக்கிம் ஒலிப்பொருத்தத்தை வரியின் நடுவிலும் வைத்தார், ஒரு வரியின் வாக்கியத்தை அடுத்த வரிக்குள் வழியவிட்டார். அதற்கு முந்தைய ராப்பும் பிந்தைய ராப்பும் வேறுவேறாக ஒலிக்கும்.

அப்படியானால் ஹிப்-ஹாப்பைக் காதால் பிடிப்பது எப்படி?

பீட்டை, அதாவது குரலுக்கு அடியில் ஓடும் இசையைக் கேளுங்கள். அது எங்கிருந்து வருகிறது, என்ன செய்யப்பட்டிருக்கிறது என்று. ஹெர்க் இரண்டு தட்டை வைத்துச் செய்ததைப் பிறகு சாம்ப்ளர் என்ற இயந்திரம் செய்தது: ஒரு துணுக்கைப் பதிந்து, வெட்டி, சுழலவிடுவது. 1987இல் வந்த எஸ்பி-1200 இயந்திரத்தில் மொத்தம் பத்து விநாடிதான் பதியமுடியும். நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா? நிமிடத்துக்கு 33 சுற்று ஓடவேண்டிய தட்டை 45 சுற்றில் ஓடவிட்டுப் பதிந்தார்கள். குறைந்த விநாடியில் அதிகம் அடங்கியது. பிறகு இயந்திரத்துக்குள் வேகத்தைக் குறைத்தால் பழைய இடத்துக்கு வரும், கொஞ்சம் சொரசொரப்போடு. 1980களின் கடைசி, 90களின் தொடக்க நியூயார்க் ஹிப்-ஹாப்புக்கே உரிய அந்தத் தூசி படிந்த ஒலி, இடப் பற்றாக்குறையில் வந்தது.

இதற்குள் ஒரு வருத்தமான கதையும் உண்டு. 1969இல் வின்ஸ்டன்ஸ் என்ற குழு ஒரு தட்டின் பின்பக்கத்தில் ‘ஆமென், பிரதர்’ என்ற பாட்டைப் போட்டது. நடுவே கிரெகரி கோல்மன் நாலு பாருக்குத் தனியாக டிரம்ஸ் வாசிப்பார், ஏழு விநாடி இருக்கும். ஆயிரக்கணக்கான பாட்டுகளில் அந்த ஏழு விநாடி ஓடுகிறது. அவருக்கு அதிலிருந்து ஒரு காசு வரவில்லை. 2006இல் வறுமையில் இறந்தார். சாம்பிளிங்கைக் கலை என்று கொண்டாடுகிறவன் நான். ஆனால் இந்தக் கணக்கு இன்னும் தீரவில்லை.

அனுமதியில்லாமல் சாம்பிள் எடுக்கலாமா?

1991 வரை பெரும்பாலும் யாரும் கேட்கவில்லை. அந்த வருடம் கில்பர்ட் ஓ’சல்லிவனின் பாட்டைப் பயன்படுத்தியதாக ராப்பர் பிஸ் மார்க்கிமீது நியூயார்க் நீதிமன்றத்தில் நடந்த வழக்கில், ‘திருடாதிருப்பாயாக’ என்ற பைபிள் கட்டளையோடே நீதிபதி தீர்ப்பைத் தொடங்கினார். அதற்குப்பின் ஒரு பாட்டில் இருபது துணுக்கு சேர்ப்பது பணக்காரர்களின் விளையாட்டாகிவிட்டது. சட்டம் பாட்டின் ஒலியையே மாற்றிய அபூர்வ இடம் இது.

‘ஹிப்-ஹாப் டான்ஸ்’ வகுப்பில் சொல்லித்தருவது பிரேக்கிங்கா?

பல சமயம் இல்லை. வகுப்புகளில் வருவது பாப்பிங், லாக்கிங், சினிமா நடனம் எல்லாம் சேர்ந்த கலவை. லாக்கிங் லாஸ் ஏஞ்சலிஸில் டான் கேம்ப்பெல் தொடங்கியது, பாப்பிங் கலிஃபோர்னியாவின் ஃப்ரெஸ்னோ பக்கத்தில் பூகலூ சாம் வளர்த்தது. இரண்டும் ஃபங்க் இசைக்கு, நியூயார்க்கிலிருந்து ஒரு கண்டம் தள்ளிப் பிறந்தவை. பிறகு ஹிப்-ஹாப் குடும்பத்தில் வந்து சேர்ந்தன.

பிரேக்கிங் 2024இல் பாரிஸ் ஒலிம்பிக் வரை போனது. பெண்களில் ஜப்பானின் அமி, ஆண்களில் கனடாவின் ஃபில் விசர்ட் தங்கம் வென்றார்கள். டிஜே என்ன தட்டு போடுவார் என்பது ஆடுகிறவருக்கு முன்கூட்டித் தெரியாது. காதில் விழுந்த நொடியில் ஆடவேண்டும். ஐம்பது வருடத்துக்கு முந்தைய ப்ராங்க்ஸ் விதி அது, ஒலிம்பிக் குழுவும் அதில் கைவைக்கவில்லை. 2028 லாஸ் ஏஞ்சலிஸில் பிரேக்கிங் கிடையாது.

கிராஃபிட்டிக்கும் பாட்டுக்கும் என்ன சம்பந்தம்?

நியாயமான கேள்வி. நேரடி சம்பந்தம் குறைவு. டாகி 183 என்று நியூயார்க் முழுக்கத் தன் பெயரையும் தெரு எண்ணையும் எழுதிவைத்த இளைஞனைப் பற்றி நியூயார்க் டைம்ஸ் எழுதியது 1971இல், ஹெர்க்கின் பார்ட்டிக்கு இரண்டு வருடம் முன்பு. ஆரம்ப கால கிராஃபிட்டிக்காரர்களில் பலர் ராக் கேட்டவர்கள். ஒரே தெரு, ஒரே வயது, பெயர் எடுக்கவேண்டும் என்ற ஒரே வெறி இவற்றைப் பக்கத்தில் வைத்தது. ‘நான்கு கூறுகள்’ என்று முடிச்சுப் போட்டது பிறகு நடந்தது. முடிச்சு போட்டதில் தப்பில்லை. ஆனால் நாலும் ஒரே நாளில் ஒரே அறையில் பிறந்ததாக வரும் வீடியோக்களை நம்பவேண்டாம்.

பாடிக்கொண்டே ராப் செய்கிறவர்களை என்ன சொல்வது?

கலைஞர் என்று சொல்லலாம். லாரின் ஹில் 1998 ஆல்பத்தில் பாதி பாடினார், பாதி ராப் செய்தார். 1999இல் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி அதற்கே கிடைத்தது. எங்கே ராப் முடிந்து பாட்டு தொடங்குகிறது என்று கோடு கிழிப்பது வீண்வேலை. இந்த இடத்தில் ஹிப்-ஹாப் என்ற பெரிய சொல் ரொம்ப வசதி.

விருதுகளும் பட்டியல்களும் எந்தப் பெயரைப் பயன்படுத்துகின்றன?

ஒழுங்கே இல்லை. கிராமி 1989இல் முதல்முறையாக ராப்புக்கு என்று ஒரு விருது வைத்தது. டிஜே ஜாஸி ஜெஃப், ஃப்ரெஷ் பிரின்ஸ் ஜோடிக்குக் கிடைத்தது. ஃப்ரெஷ் பிரின்ஸ் என்பவர்தான் நடிகர் வில் ஸ்மித். அந்த விருது வழங்குவதைத் தொலைக்காட்சியில் காட்டமாட்டோம் என்றதால் இருவரும் விழாவையே புறக்கணித்தார்கள். கிராமி இன்றும் ‘ராப்’ என்றே சொல்கிறது. அமெரிக்கப் பாட்டுப் பட்டியல்களை வெளியிடும் பில்போர்டு ஒரு பட்டியலுக்கு ‘ராப்’ என்றும் இன்னொன்றுக்கு ‘ஆர் அண்ட் பி/ஹிப்-ஹாப்’ என்றும் பெயர் வைத்திருக்கிறது. பட்டியலைப் பார்த்து வித்தியாசம் கற்றுக்கொள்ள முயலாதீர்கள்.

‘ராப் வியாபாரம், ஹிப்-ஹாப் தூய்மை’ என்கிறார்களே, சரியா?

ப்ராங்க்ஸ் ராப்பர் கேஆர்எஸ்-ஒன் சொன்னது பிரபலம்: ராப் என்பது செய்வது, ஹிப்-ஹாப் என்பது வாழ்வது. நல்ல வாக்கியம். அதைப் பிடித்துக்கொண்டு, தனக்குப் பிடித்த பாட்டை ஹிப்-ஹாப் என்றும் பிடிக்காததை ‘வெறும் ராப்’ என்றும் ஒதுக்குகிற பழக்கம்தான் எரிச்சலைத் தருகிறது. முதல் பார்ட்டிக்கே டிக்கெட் இருந்தது, 25 சென்ட், 50 சென்ட். துணி வாங்கப் பணம் சேர்க்க நடந்த பார்ட்டி அது. காசு பிற்பாடு வந்து கெடுத்தது என்ற கதை வரலாற்றில் நிற்காது. காசு யார் கைக்குப் போனது என்று கேட்பது நல்ல கேள்வி. கோல்மன் கதை அதற்குத்தான்.

தமிழில் முதல் ராப் ‘பேட்டை ராப்’ தானா?

‘காதலன்’ (1994) படத்தில் ஏ.ஆர். ரஹ்மான் இசையில் சுரேஷ் பீட்டர்ஸும் தேனி குஞ்சரம்மாளும் சேர்ந்து கலக்கிய பாட்டு. பேரிலேயே ராப் இருக்கிறது, சென்னைப் பேச்சு தாளத்தில் கச்சிதமாக உட்காருகிறது. தமிழ்ப் பேச்சு ராப்புக்கு வளையும் என்று பெருங்கூட்டத்துக்குக் காட்டியது அதுதான். ஆனால் அது சினிமாப் பாட்டு. இசையமைப்பாளர் கேட்டார், பாடகர் வந்தார். ராப் உண்டு, ஹிப்-ஹாப் என்ற கூட்டு வாழ்க்கை பின்னால் இல்லை. இந்தப் பக்கத்தின் வித்தியாசத்துக்கு இதைவிடக் கைக்கெட்டிய உதாரணம் எனக்குத் தெரியாது.

தமிழில் ஹிப்-ஹாப் என்று எதைச் சொல்லலாம்?

மலேசியாவிலிருந்து தொடங்கவேண்டும். யோகி பி, நட்சத்ரா குழு 2006இல் வெளியிட்ட ‘வல்லவன்’ ஆல்பம் சினிமாவை நம்பாமல் வந்தது. அதில் வந்த ‘மடை திறந்து’, ‘நிழல்கள்’ (1980) படத்துக்கு இளையராஜா போட்ட பாட்டை எடுத்து அதன்மேல் ராப்பைக் கட்டியது. அப்பா கேட்ட பாட்டைப் பையன் வெட்டி ஒட்டித் தன்னுடையதாக்குவது. ஹெர்க் செய்ததும் அதுதான். அந்தப் பாட்டில் யோகி பி எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் அந்த வெட்டு.

சென்னையில் ஹிப்ஹாப் தமிழா என்ற பெயரில் ஆதியும் ஜீவாவும் இணையத்தில் தொடங்கி, 2012இல் ‘ஹிப்ஹாப் தமிழன்’ ஆல்பம் போட்டு, 2015இல் ‘ஆம்பள’ படம் மூலம் சினிமா இசையமைப்பாளர்கள் ஆனார்கள். அவர்களுடைய சினிமாப் பாட்டுகளில் பாதி மெலடி. பெயரில் ஹிப்-ஹாப் இருப்பதால் எல்லாமே ஹிப்-ஹாப் ஆகிவிடாது. அதைக் குறையாகவும் சொல்லவில்லை. மும்பை தாராவியின் டோப்படெலிக்ஸ் குழு ‘காலா’ (2018) படத்துக்குள் வந்தது. பா. இரஞ்சித் முன்கை எடுத்து உருவான கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் கானாவையும் ராப்பையும் ஒரே மேடையில் ஏற்றியது. ராப்பர் அறிவு அங்கிருந்து வந்தவர். 2021இல் பாடகி தீயோடு சேர்ந்து அவர் பாடிய ‘எஞ்சாய் எஞ்சாமி’யில் ராப்புக்குப் பக்கத்திலேயே ஒப்பாரி ஓடும்.

லண்டனில் வளர்ந்த ஈழத் தமிழர் எம்.ஐ.ஏ.வின் ‘பேப்பர் பிளேன்ஸ்’ (2007), த கிளாஷ் குழுவின் பழைய பாட்டொன்றின் சாம்பிளில் நிற்கிறது. ராப்பர் என்ற பெட்டிக்குள் அவரை அடக்குவது கஷ்டம், ஹிப்-ஹாப் முறையில் வேலை செய்கிறவர் என்றால் சரியாக இருக்கும்.

கானாவும் ராப்பும் ஒன்றா?

உறவு தேடலாம், ஒன்றாக்க வேண்டாம். வடசென்னையின் உழைக்கும் மக்கள் தங்கள் பேச்சில், கையில் கிடைத்ததைத் தட்டிப் பாடிய பாட்டு கானா. சாவு வீட்டில் இரவு முழுக்கப் பாடுவதும் அதில் ஒன்று. அதற்கு மெட்டு உண்டு. பாடகர் இழுப்பார், நெகிழ்வார். ராப் தாளத்தோடு கட்டிப்போட்ட பேச்சு. ‘கானாதான் நம்ம ராப்’ என்று பெருமையாகச் சொல்லும்போது, கானாவுக்கு ராப்பின் சான்றிதழ் தேவை என்று ஆகிவிடுகிறது. தேவையில்லை.

எதிலிருந்து கேட்கத் தொடங்கலாம்?

முதலில் ‘குட் டைம்ஸ்’ கேளுங்கள், உடனே ‘ராப்பர்ஸ் டிலைட்’. அடியில் ஓடுவது தெரிந்துவிடும். அடுத்து ஃபிளாஷின் ‘வீல்ஸ் ஆஃப் ஸ்டீல்’. ‘குட் டைம்ஸ்’ அதிலும் வந்து போகும், இந்தமுறை டிஜேவின் கையால். அடுத்து ‘தி மெசேஜ்’. பிறகு ரன்-டிஎம்சியின் ‘சக்கர் எம்சிஸ்’ (1983): டிரம் மெஷினும் குரலும், ஏறக்குறைய வேறொன்றும் கிடையாது, ராப் எலும்பும் தோலுமாக நிற்பது தெரியும். ரக்கிம் அதற்குப் பிறகு. ‘டோனட்ஸ்’ஸைக் கடைசியில் வையுங்கள், நல்ல ஹெட்போன் போட்டு. போன் ஸ்பீக்கரில் கேட்டால் கிக் காதில் விழாது, பாதிப் பாட்டு போய்விடும்.